போன் ஊழியருடையது, அதில் இருக்கும் ஆபீஸ் ஃபைல் யாருடையது?

இரவு 9.30 மணி. மேனேஜரிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்: "லேப்டாப் எல்லாம் திறக்க வேண்டாம். அந்த கஸ்டமர் லிஸ்ட்டை அப்படியே இங்கேயே அனுப்பிடுங்க, காலையில மீட்டிங் இருக்கு."

ஊழியரும் அனுப்பிவிடுகிறார். ஒரு நிமிட வேலைதான். ஆனால், அந்த ஒரு நிமிடத்தில் பெயர், போன் நம்பர், முகவரி எல்லாம் இருக்கும் அந்த எக்செல் ஃபைலுக்கு எத்தனை பிரதிகள் உருவாகின்றன? அனுப்பியவரின் போனில் ஒன்று. வாங்கியவரின் போனில் ஒன்று. வாட்ஸ்அப் பேக்கப் போட்டிருந்தால் இருவரின் கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ தலா ஒன்று. வீட்டுக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்திருந்து, அங்கே டவுன்லோட் செய்தால் இன்னொன்று. இவற்றில் ஒன்றுகூட நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லை.

ஆபீஸுக்கு என்று தனி போன் கொடுக்கும் நிறுவனங்கள் குறைவு. சொந்த போனிலேயே ஆபீஸ் மெயில், சொந்த லேப்டாப்பிலேயே வீட்டிலிருந்து வேலை என்பது சாதாரணமாகிவிட்டது. 'பிரிங் யுவர் ஓன் டிவைஸ்', சுருக்கமாக பி.ஒய்.ஓ.டி. என்று இதற்குப் பெயரும் உண்டு. இந்த நிலையில்தான், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-க்கான விதிகளை மத்திய அரசு 2025 நவம்பரில் வெளியிட்டது. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களில், அதாவது 2027 மே மாதத்தில் அமலுக்கு வரவேண்டும். ஊழியரின் பாக்கெட்டில் இருக்கும் போனும் அந்தக் கணக்கில் வரும்.

ஹேக்கர் வரும் வழி எது?

தரவுத் திருட்டு என்றாலே, எங்கோ உட்கார்ந்து கம்பெனி சர்வரை உடைக்கும் ஹேக்கர்தான் நினைவுக்கு வருவார். ஆனால், உலகின் பெரிய நிறுவனங்களில் நடந்த சில சம்பவங்கள் வேறு கதையைச் சொல்கின்றன.

முதலாவது, ஆக்டா. மற்ற நிறுவனங்களின் லாகின் பாதுகாப்பைக் கவனித்துக்கொள்வதே இந்த அமெரிக்க நிறுவனத்தின் தொழில். 2023-ல் இதன் வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் கணினி அமைப்புக்குள் ஒருவர் ஊடுருவி, 134 வாடிக்கையாளர் நிறுவனங்கள் தொடர்பான கோப்புகளைப் பார்த்துவிட்டார். காரணத்தை ஆக்டாவே பின்னர் விளக்கியது. ஊழியர் ஒருவர், கம்பெனி லேப்டாப்பின் குரோம் பிரவுசரில் தன் சொந்த கூகுள் கணக்கில் லாகின் செய்திருந்தார். ஆபீஸ் அமைப்பின் யூசர்நேமும் பாஸ்வேர்டும் அந்தச் சொந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தன. அந்தக் கணக்கோ, அவருடைய சொந்தக் கருவியோ ஹேக் செய்யப்பட்டு, அதன் வழியாகவே பாஸ்வேர்டு வெளியே போயிருக்க வாய்ப்பு அதிகம் என்றது ஆக்டா. 'பாஸ்வேர்டை சேமிக்கவா?' என்று பிரவுசர் கேட்கும்போது 'சரி' என்று தட்டுவதன் விலை சில நேரங்களில் இவ்வளவு பெரிதாக இருக்கும்.

இரண்டாவது, லாஸ்ட்பாஸ். மக்களின் பாஸ்வேர்டுகளைப் பூட்டிவைக்கும் சேவை இது. 2022-ல் இதன் மூத்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கம்ப்யூட்டரைக் குறிவைத்தார்கள். அதிலிருந்த, வீடியோ, பாட்டு போன்றவற்றுக்கான மீடியா மென்பொருள் ஒன்றின் ஓட்டை வழியாக நுழைந்து, தட்டச்சு செய்வதையெல்லாம் பதிவுசெய்யும் மென்பொருளைப் போட்டார்கள். அவருடைய மாஸ்டர் பாஸ்வேர்டு சிக்கியது. குறிப்பிட்ட ரகசியச் சாவிகளைப் பயன்படுத்த அனுமதி பெற்றிருந்த நான்கே பேரில் அவரும் ஒருவர். கடைசியில், வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டு பெட்டகங்களின் பேக்கப் பிரதிகளே திருடப்பட்டன.

மூன்றாவதில் ஹேக்கரே இல்லை. 2023-ல் சாம்சங் ஊழியர்கள் சிலர், வேலையைச் சீக்கிரம் முடிக்க நிறுவனத்தின் ரகசிய புரோகிராம் வரிகளை சாட்ஜிபிடியில் போட்டுத் திருத்தம் கேட்டார்கள். திருட வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால், வெளிநிறுவனத்தின் சர்வருக்குப் போன தகவலைத் திரும்பப் பெற வழியும் இல்லை. அந்த ஆண்டு மே மாதத்தில், கம்பெனி கருவிகளிலும், கம்பெனி நெட்வொர்க்கில் இணையும் சொந்தக் கருவிகளிலும் இத்தகைய ஏ.ஐ. சேவைகளுக்குச் சாம்சங் தடை போட்டது. இந்தியாவிலும் 2025 ஜனவரியில், அலுவலகக் கணினிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று மத்திய நிதி அமைச்சகம் தன் ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது.

மூன்றிலும் பொதுவான விஷயம் ஒன்றுதான். ஆபீஸுக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய சுவர், ஒரு சின்ன வசதிக்காகக் கொஞ்சம் இடிபட்டது. அந்த இடைவெளியே போதுமானதாக இருந்தது.

சட்டம் யாரைக் கேட்கும்?

புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் முதலில் நிறுவனத்தைத்தான் கேட்கும். தன் வசமோ, தன் கட்டுப்பாட்டிலோ இருக்கும் தனிநபர் தரவைப் பாதுகாக்க நியாயமான ஏற்பாடுகளைச் செய்யாத நிறுவனத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்கலாம். கசிவு நடந்ததைத் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தெரிவிக்கத் தவறினால் ரூ.200 கோடி வரை. விதிகளின்படி, கசிவு தெரிந்ததும் தாமதமின்றித் தகவல் சொல்ல வேண்டும். 72 மணி நேரத்துக்குள் வாரியத்திடம் முழு விவரம் தர வேண்டும்.

'கசிவு' என்பதற்குச் சட்டம் தரும் விளக்கமும் விரிவானது. திருட்டு மட்டுமல்ல, தவறுதலாக வெளியே போவதும் அதில் அடங்கும். கஸ்டமர் லிஸ்ட்டை டீம் குரூப்புக்குப் பதிலாக அபார்ட்மென்ட் குரூப்பில் போட்டுவிட்டாலும் அது கசிவுதான். 'அது ஊழியரின் சொந்த போன்' என்பது மட்டுமே நிறுவனத்தைக் காப்பாற்றிவிடாது.

இதற்கு முன்பே இன்னொரு கெடு நடைமுறையில் இருக்கிறது. இணையப் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவின்படி, தரவுக் கசிவு உள்ளிட்ட சம்பவங்கள் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தகவல் தர வேண்டும்.

ஸ்டார்ட்அப், சின்ன கம்பெனி என்றால் விலக்கு கிடைக்காதா? சில பிரிவுகளிலிருந்து ஸ்டார்ட்அப்களுக்கு விலக்கு தர அரசுக்குச் சட்டம் அதிகாரம் தருகிறது. ஆனால், பாதுகாப்பு ஏற்பாடுகள் பற்றிய கடமை அந்தப் பட்டியலில் இல்லை. பத்து பேர் வேலை பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸில் வாடிக்கையாளர்களின் பான், ஆதார் நகல்கள் ஊழியர்களின் வாட்ஸ்அப்பில் குவிந்துகிடந்தால், அந்த ஆபீஸும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சரி, ஊழியரின் நிலை? தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ன் 43-வது பிரிவின்படி, அனுமதியின்றிக் கணினியிலிருந்து தரவை எடுப்பதும் நகலெடுப்பதும் தவறு. அதையே மோசடி எண்ணத்துடன் செய்தால், 66-வது பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இங்கே கவனிக்க வேண்டியது, கவனக்குறைவும் மோசடியும் ஒன்றல்ல என்பது. போனைத் தொலைத்தவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். ஆனால், வேலையில் சேரும்போது படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் ரகசியம் காக்கும் நிபந்தனை இருக்கும். கவனக்குறைவுக்கு ஒழுங்கு நடவடிக்கை அந்த வழியாக வரலாம்.

'இந்த ஆப்பை இன்ஸ்டால் பண்ணுங்க'

புதிய வேலையில் சேர்ந்த முதல் வாரமே ஐ.டி. டீமிடமிருந்து மெயில் வரும்: 'சொந்த போனில் ஆபீஸ் மெயில் வேண்டும் என்றால் இந்த ஆப் கட்டாயம்.' பலருக்கு இங்கேதான் பயம். "நம்ம போட்டோ, மெசேஜ் எல்லாத்தையும் கம்பெனி பாக்குமா?"

பதில், எந்த மாதிரியான ஏற்பாடு என்பதைப் பொறுத்தது. பொதுவாக மூன்று நிலைகள் உண்டு.

முதல் நிலையில், ஆபீஸ் மெயில், சாட் போன்ற சில ஆப்கள் மட்டுமே கம்பெனியின் கட்டுப்பாட்டில் இருக்கும். அவற்றுக்குத் தனி பின் நம்பர் இருக்கும். அங்கிருந்து காப்பி செய்ததைச் சொந்த வாட்ஸ்அப்பில் பேஸ்ட் செய்ய முடியாதபடி தடுக்கலாம். வேலையை விட்டால் அந்த ஆப்களுக்குள் இருக்கும் ஆபீஸ் தகவல் மட்டும் அழியும்.

இரண்டாம் நிலை, ஆண்ட்ராய்டில் உள்ள 'வொர்க் புரொஃபைல்'. ஒரே வீட்டுக்குள் தனி வாசல் வைத்த அறை மாதிரி. ஆபீஸ் ஆப்களின் ஐகானில் சின்னதாக ஒரு பெட்டி அடையாளம் இருக்கும். அந்த அறைக்குள் நடப்பதைக் கம்பெனி நிர்வகிக்கலாம். சொந்தப் பக்கத்தில் உள்ள போட்டோ, மெசேஜ், ஆப்களைப் பார்க்க முடியாது. அழித்தாலும் அந்த அறை மட்டுமே காலியாகும். ஐபோனிலும் சொந்தக் கருவிகளுக்கென இதேபோன்ற ஏற்பாடு 2019 முதல் உண்டு.

மூன்றாம் நிலை, மொத்த போனையும் நிர்வாகத்தின் கீழ் கொண்டுவருவது. இதில் என்னென்ன ஆப்கள் இருக்கின்றன என்று பார்க்கலாம்; தேவைப்பட்டால் தொலைவிலிருந்தே போன் முழுவதையும் அழிக்கலாம். கம்பெனி வாங்கிக் கொடுத்த போனுக்கு இது நியாயம். மாதத் தவணை கட்டி ஊழியர் வாங்கிய போனுக்கு அல்ல.

சிக்கல் என்னவென்றால், மூன்றாம் நிலைக்குச் சமமான அதிகாரத்தைச் சிலர் தெரியாமலே கொடுத்துவிடுகிறார்கள். சில மெயில் ஆப்களில் ஆபீஸ் கணக்கைச் சேர்க்கும்போது, 'டிவைஸ் அட்மின்' அனுமதி கேட்டு ஒரு திரை வரும். அதில் 'எல்லாத் தரவையும் அழித்தல்' என்ற வரி இருக்கும். அவசரத்தில் அதைப் படிக்காமல் தட்டினால், குழந்தையின் முதல் பிறந்தநாள் வீடியோவை அழிக்கும் பட்டனும் ஐ.டி. டீமின் கைக்குப் போய்விடுகிறது. யாரும் வேண்டுமென்று அழுத்தப் போவதில்லை. ஆனால், ஊழியர் விலகும்போது, வழக்கமான நடைமுறை என்ற பெயரில் அது நடந்துவிடலாம்.

இன்னொன்று. ஆபீஸ் வைஃபையிலோ, ஆபீஸ் வி.பி.என். வழியாகவோ போனை இணைத்தால், எந்தெந்த இணையதளங்களுக்குப் போகிறோம் என்பது நெட்வொர்க்கை நிர்வகிப்பவருக்குத் தெரியலாம்.

இரண்டு பக்க நியாயம்

நிறுவனத்தின் கவலை வெறும் சந்தேகமல்ல. அதன் கையில் இருப்பது பெரும்பாலும் அதனுடைய தரவே அல்ல; வாடிக்கையாளரின் தரவு. கடனுக்கு விண்ணப்பித்தவரின் சம்பளச் சான்றிதழ், மருத்துவமனைக்கு வந்தவரின் ஸ்கேன் ரிப்போர்ட். அவர்கள் அந்த நிறுவனத்தை நம்பிக் கொடுத்தார்கள்; அதன் ஊழியரின் போன் கேலரியை நம்பி அல்ல.

தொழில் ரகசியங்களையும் நிறுவனத் தகவல்களையும் காக்க, பணி சார்ந்த தேவைகளுக்காக ஊழியரின் தரவைத் தனியாக ஒப்புதல் வாங்காமலே பயன்படுத்தவும் புதிய சட்டம் இடம் தருகிறது. ஆனால், அது எல்லையில்லாத உரிமைச் சீட்டு அல்ல. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அரசு தொடர்பான வழக்கில் வந்தாலும், புதிய தரவுச் சட்டத்துக்கு வழிவகுத்தது அந்தத் தீர்ப்புதான்.

பி.ஒய்.ஓ.டி. முறையில் லாபம் யாருக்கு என்பதையும் பார்க்க வேண்டும். போன் வாங்கும் செலவு நிறுவனத்துக்கு மிச்சம். போன், டேட்டா பேக், ரிப்பேர் எல்லாம் ஊழியர் தலையில். அதோடு பாதுகாப்புப் பொறுப்பும் அவர் தலையிலேயே விழுந்தால் அது நியாயமான பங்கீடு ஆகாது.

விதிமுறை எழுதி வைத்தால் மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் உண்டு. 2022 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம், 16 வால் ஸ்ட்ரீட் நிறுவனங்கள் மீது மொத்தம் 110 கோடி டாலருக்கும் அதிகமாக அபராதம் விதித்தது. சொந்த போன் மெசேஜ்களில் நடந்த தொழில் பேச்சுகளை அந்த நிறுவனங்கள் பதிவுசெய்து வைக்கவில்லை என்பதே குற்றச்சாட்டு. விதியை அமல்படுத்த வேண்டிய மேலதிகாரிகளே அதை மீறியிருந்தார்கள். ராத்திரி 9.30 மணிக்கு 'வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க' என்று மேனேஜரே கேட்டால், ஊழியர் எந்த பாலிசியைக் காட்டி மறுப்பார்?

போன் தொலைந்தால் முதல் போன் யாருக்கு?

பஸ்ஸில் போன் காணாமல் போகிறது. ஊழியரின் மனதில் முதலில் ஓடுவது: 'ஆபீஸ்ல சொன்னா திட்டுவாங்க. ரெண்டு நாள் தேடிப் பாப்போம்.' அந்த இரண்டு நாள்தான் ஆபத்து. நிறுவனத்துக்குத் தெரியாமல் எந்தக் கணக்கையும் முடக்க முடியாது.

எனவே, முதல் தகவல் ஆபீஸ் ஐ.டி. பிரிவுக்கு, கூடவே வங்கிக்கு. அடுத்து கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கு வழியாகப் போனைப் பூட்ட வேண்டும். பிறகு போலீஸ் புகார். அதன் நகலை வைத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சி.இ.ஐ.ஆர். வசதி மூலம் ஐ.எம்.இ.ஐ. எண்ணை முடக்கலாம்.

இதில் நிறுவனத்துக்கும் ஒரு பாடம் உண்டு. சொன்னவரைத் தண்டித்தால், அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள். 'உடனே சொன்னால் நடவடிக்கை இல்லை' என்ற ஒரு வரி, விலை உயர்ந்த பல மென்பொருள்களைவிட அதிகம் உதவும்.

வேலையை விடும்போது

நோட்டீஸ் பீரியடில் பலர் செய்யும் தவறு, ஆபீஸ் ஃபைல்களைச் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்புவது. "நான் எழுதின கோடுதானே, நான் போட்ட டிசைன்தானே?" என்ற எண்ணம். ஆனால், காப்புரிமைச் சட்டம், 1957-ன்படி, பணியின் பகுதியாக உருவாக்கியது, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை நிறுவனத்துக்கே சொந்தம். கடைசி வாரத்தில் மொத்தமாக ஃபைல் அனுப்பியது ஆபீஸ் மெயிலின் பதிவுகளில் அப்படியே இருக்கும்.

பே ஸ்லிப், படிவம் 16, நியமனக் கடிதம், ரிலீவிங் லெட்டர் போன்றவை ஊழியருக்கானவை, தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆபீஸ் லேப்டாப்பில் குடும்பப் படங்கள் இருந்தால், ஐ.டி. டீமிடம் சொல்லிவிட்டு எடுப்பது நல்லது.

ஊழியர் என்ன செய்யலாம்?

- ஆபீஸ் லேப்டாப்பின் பிரவுசரில் சொந்த கூகுள் கணக்கில் லாகின் செய்யாமல் இருப்பது. ஆபீஸ் பாஸ்வேர்டைச் சொந்தக் கணக்கில் சேமிக்காமல் இருப்பது.
- ஆப் இன்ஸ்டால் செய்யச் சொன்னால் மூன்று கேள்விகளை மெயிலிலேயே கேட்பது: எதையெல்லாம் பார்ப்பீர்கள்? எதையெல்லாம் அழிப்பீர்கள்? நான் விலகினால் என்ன நடக்கும்?
- போன், லேப்டாப் அப்டேட்களைத் தள்ளிப்போடாமல் இருப்பது. லாஸ்ட்பாஸ் பொறியாளரின் கம்ப்யூட்டரில் நுழைய உதவியது, திருத்தப்படாத பழைய ஓட்டைதான்.
- வாடிக்கையாளர் விவரம், கோடு, ஒப்பந்தம் ஆகியவற்றை ஆபீஸ் அனுமதிக்காத ஏ.ஐ. சேவையில் போடாமல் இருப்பது.
- சொந்தப் படங்களுக்குத் தனி பேக்கப் வைத்திருப்பது.

நிறுவனம் என்ன செய்ய வேண்டும்?

- எல்லோருக்கும் புரியும் மொழியில், ஒரே பக்கத்தில் விதிமுறை. மேனேஜருக்கும் அதே விதிமுறை.
- சொந்த போன் என்றால் வொர்க் புரொஃபைல் அல்லது ஆப் அளவிலான கட்டுப்பாடு மட்டும். மொத்தக் கட்டுப்பாடு தேவை என்றால் நிறுவனமே போன் வாங்கித் தர வேண்டும்.
- ஒவ்வொருவருக்கும் அவர் வேலைக்குத் தேவையான ஃபைல்களைத் திறக்க மட்டும் அனுமதி.
- விலகும் நாளிலேயே லாகின்களை மூடுவது. ஆபீஸ் பகுதியை அழிக்கும் முன் ஊழியருக்கு எழுத்தில் தெரிவிப்பது.
- வாட்ஸ்அப்பைப் போலவே சுலபமான ஒரு ஆபீஸ் வழி. அது இல்லாமல் தடை மட்டும் போட்டால், ஊழியர்கள் சுற்றுவழி கண்டுபிடிப்பார்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் மிக முக்கியம். ஃபைலை அனுப்பினால் அது கைவிட்டுப் போனது. அனுப்பிய மெசேஜை டெலிட் செய்தாலும், ஏற்கெனவே வேறு இடத்தில் சேமித்த பிரதியை அது தொடாது. அதற்குப் பதில், ஆபீஸ் டிரைவில் ஃபைலை வைத்து, குறிப்பிட்டவர் மட்டும் திறக்கும்படி லிங்க் அனுப்பலாம். டவுன்லோட் செய்ய முடியாதபடியும் வைக்கலாம். மீட்டிங் முடிந்ததும் அனுமதியை ரத்து செய்யலாம். யார், எப்போது திறந்தார் என்ற பதிவும் கிடைக்கும். போன் தொலைந்தாலும் கணக்கை முடக்கினால் போதும்.

இரவு 9.30 மணி மெசேஜுக்கு, "ஃபைல் வேண்டாம் சார், உங்க மெயில் ஐ.டி.க்கு மட்டும் ஓப்பன் ஆகுற மாதிரி லிங்க் அனுப்பிட்டேன்" என்று பதில் போடவும் ஒரு நிமிடம்தான் ஆகும். அந்தப் பதிலைப் போட ஊழியர் தயங்காத நிலையை உருவாக்குவது நிறுவனத்தின் வேலை.